ஒரு சாட்சி குறைந்த உயில்: சட்டம் வளைந்து கொடுக்கக் கூடாதா?

வட மாவட்டம் ஒன்றிலிருந்து 46 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

இவருடைய தந்தை ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1994 ஆம் ஆண்டில் தம் சொந்தச் சேமிப்பில் மனை வாங்கி வீடு கட்டினார். தாய் முன்பே காலமாகிவிட்டார். கணவரைப் பிரிந்து பிறந்த வீட்டுக்கு வந்த இந்த மகள்தான், ஒன்பது ஆண்டுகள் தந்தையை உடனிருந்து கவனித்திருக்கிறார். அண்ணனும் தம்பியும் வெளியூரில் இருக்கிறார்கள். 2021 இல் தந்தை 20 ரூபாய் முத்திரைத்தாளில் தம் கைப்பட உயில் எழுதி, வீடு முழுவதும் மகளுக்கே என்று கையெழுத்திட்டார். அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். 2025 தொடக்கத்தில் தந்தை இறந்துவிட்டார்.

இப்போது அண்ணன், "ஒரே சாட்சிதான் இருக்கிறது, உயில் செல்லாது. உனக்குக் கல்யாணத்தில் 25 பவுன் போட்டாகிவிட்டது, வீட்டில் இனிப் பங்கு கிடையாது. ஐந்து லட்சம் தருகிறேன், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு" என்கிறாராம். பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டும் விட்டார். தம்பி, அக்காவுக்கே வீடு போகட்டும் என்கிறார். தந்தையின் நண்பர் ஒருவர், "உங்கப்பா இதை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். இரண்டாவது சாட்சியாக நான் இப்போது கையெழுத்துப் போடுகிறேன்" என்று முன்வந்திருக்கிறார்.

சகோதரியின் கேள்வி இது: "அப்பாவின் எழுத்து என்பதை அண்ணனே மறுக்கவில்லை. அப்பாவின் எண்ணத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. ஒரு கையெழுத்து குறைந்ததற்காக ஒரு மனிதரின் கடைசி விருப்பத்தைச் சட்டம் தூக்கி எறியலாமா? ராணுவத்தினரின் உயிலுக்குச் சாட்சியே வேண்டாம் என்றும் படித்தேன். மனிதருக்காக வந்த சட்டம் கொஞ்சம் வளைந்து கொடுத்தால் என்ன?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் வழக்கும் இருக்கிறது, அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன். அதற்கு முன் உங்கள் மனத்தை அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு பயத்தை முதலில் இறக்கி வைக்க வேண்டும். உயில் செல்லாமல் போனால் எல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது தவறு. உயிலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 8 ஆம் பிரிவின்படி, உங்கள் தந்தை சுயமாகச் சம்பாதித்த அந்த வீட்டில் அண்ணனுக்கு எவ்வளவோ அவ்வளவு உங்களுக்கும் உண்டு. தந்தையின் தாயான பாட்டி உயிருடன் இல்லை என்றால் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. கல்யாணத்தில் நகை போட்டதால் மகளின் பங்கு கழிந்துவிடும் என்ற பேச்சு நம் ஊர்களில் எவ்வளவு பழையதோ, அவ்வளவு சட்ட ஆதாரமற்றது. குடியிருக்கும் வீட்டில் ஆண்கள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை பெண் பாகம் கேட்க முடியாது என்ற தடை ஒரு காலத்தில் இருந்தது உண்மைதான். அந்த 23 ஆம் பிரிவு 2005 இல் நீக்கப்பட்டுவிட்டது. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறையின் பதிவேடு, உரிமை ஆவணம் அன்று. மற்ற வாரிசுகளை விட்டுவிட்டுப் பட்டா மாற்றப்பட்டிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஆகவே நீங்கள் பேரம் பேசத் தொடங்கும் இடம் பூஜ்யம் அன்று. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சாட்சிக் கையெழுத்தில் சட்டம் ஏன் இவ்வளவு இறுக்கம்?

1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63 ஆம் பிரிவு, உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும் என்கிறது. அந்த ஒவ்வொருவரும், எழுதியவர் கையெழுத்திடுவதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்துதான்" என்று அவர் வாயாலேயே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாமும் கையெழுத்திட வேண்டும். உயில் எழுதியவரின் கைப்பட இருந்தால் அது போலி அன்று என்று நம்புவதற்குக் கூடுதல் பலம் கிடைக்கும். ஆனால் சாட்சியின் தேவை அதனால் தீர்ந்துவிடாது. உங்கள் தந்தை தேடிப்போய் வாங்கிய முத்திரைத்தாளுக்கும் இதில் மதிப்பில்லை. உயிலை வெள்ளைத்தாளில் எழுதலாம், பதிவு செய்வதும் கட்டாயமில்லை. மற்ற எல்லாவற்றிலும் இவ்வளவு எளிமையாக இருக்கும் சட்டம் இந்த ஒரே இடத்தில்தான் பிடிவாதம் பிடிக்கிறது.

இது என்றுமே இப்படி இருந்ததில்லை என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். இந்துக்களின் வாய்மொழி உயிலைக்கூட நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட காலம் ஒன்று உண்டு. 1870 ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் வங்காளத்துக்கும் சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. மற்ற ஊர்களில் வாழ்ந்த இந்துக்களுக்கு 1927 ஜனவரி 1 முதல் எழுதப்படும் உயில்களுக்குத்தான் அது வந்தது. அதாவது உங்கள் கொள்ளுத்தாத்தா 1920 இல் திண்ணையில் உட்கார்ந்து நான்கு பேர் கேட்க வாயால் சொல்லியிருந்தால், அதைச் சட்டம் கேட்டிருக்கும். நீங்கள் விரும்பும் வளைந்துகொடுக்கும் சட்டம் நம்மிடம் இருந்தது. அதை விட்டுத்தான் நாம் இங்கே வந்திருக்கிறோம்.

ஏன் விட்டோம் என்பதற்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மகளுக்காக வாதாடினேன். உங்களைப் போலவே தந்தையைப் பார்த்துக்கொண்டவர். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று மாலை, எல்லாச் சொத்தும் மகன்களுக்கே என்று பெருவிரல் ரேகையுடன் ஒரு தாள் வெளியே வந்தது. அதிலும் ஒரே சாட்சிதான். அவர்களும் நீதிமன்றத்தில், "அப்பாவின் எண்ணம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, ஒரு கையெழுத்து குறைந்தால் என்ன?" என்றுதான் வாதிட்டார்கள். சொல் மாறாமல் உங்கள் வாதம். அன்று அந்தப் பெண்ணுக்குப் பாதுகாப்பாக நின்றது நீங்கள் இப்போது நொந்துகொள்ளும் இதே 63 ஆம் பிரிவு.

உயில் பேசத் தொடங்கும்போது அதை எழுதியவர் பேச முடியாதவராகிவிடுகிறார். வேறு எந்தப் பத்திரத்துக்கும் இந்தத் துயரம் கிடையாது. கிரயப் பத்திரத்தில் சந்தேகம் வந்தால் விற்றவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். உயிலில், கேட்க வேண்டிய ஒருவர் மட்டும் இல்லை. மற்றவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் அந்தச் சொத்தில் ஏதோ ஓர் அக்கறையும் இருக்கிறது. இறந்தவரின் குரலுக்குப் பதிலாகச் சட்டம் இரண்டு பேரின் கண்களைக் கேட்கிறது. திரும்பக் கேட்க முடியாதவரின் சொல்லைக் காக்கும் இடத்தில் சட்டம் இறுக்கமாக இருப்பதே நியாயம் என்பதும், சம்பந்தப்பட்ட எல்லோரும் உயிருடன் இருந்து பேசித் தீர்க்கக்கூடிய இடத்தில் அது வளைந்து கொடுக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. நம் சட்டம் பெரும்பாலும் அப்படியே அமைந்திருப்பதைக் கீழே காண்பீர்கள்.

உலகில் எல்லா இடத்திலும் இப்படி இல்லை என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆஸ்திரேலிய மாநிலங்களில், இறந்தவர் அதைத் தம் உயிலாகவே கருதினார் என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால், முறைப்படி அமையாத ஆவணத்தையும் ஏற்கலாம். குவீன்ஸ்லாந்து நீதிமன்றம் 2017 இல், இறந்தவரின் கைப்பேசியில் எழுதப்பட்டு அனுப்பப்படாமல் கிடந்த ஒரு குறுஞ்செய்தியையே உயிலாக ஏற்றது. எதிர்ப்பக்கம் இலங்கையில், 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் (பத்திரங்களுக்குச் சான்றளிக்கும் சட்ட அலுவலர்) இரண்டு சாட்சிகளும் வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். உங்கள் தந்தையின் உயில் போன்ற ஒன்றைப் பார்க்கும்போது, ஆஸ்திரேலிய அதிகாரம் நம் நீதிபதிகளுக்கும் இருந்திருக்கலாமே என்று என் மனமும் ஒரு கணம் ஆசைப்படுகிறது. ஆனால் அந்த அதிகாரம் வந்தால், இறுதிச் சடங்கு முடிந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு துண்டுச் சீட்டு புறப்பட்டு, அதன்மேல் பத்தாண்டு வழக்கு நடக்கும் என்பதை அறிந்தவன் என்ற முறையில், அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

ராணுவத்தினரின் உயில்

நீங்கள் படித்தது பொய்யில்லை, பாதிதான். 1925 ஆம் ஆண்டின் அதே இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 65, 66 ஆம் பிரிவுகள், போரில் ஈடுபட்டிருக்கும் வீரர் சாட்சி இல்லாமலும், வாய்மொழியாகவும்கூட உயில் செய்ய வழிவகுக்கின்றன. குண்டு விழும் இடத்தில் இரண்டு சாட்சிகளைத் தேடு என்று சொல்ல முடியாது என்பதால் வந்த சலுகை அது. வாய்மொழியாகச் செய்த உயில், அந்தச் சலுகைக்கு உரிய நிலை முடிந்தபின் அவர் உயிருடன் இருந்தால் ஒரு மாதத்தில் காலாவதியாகிவிடும். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த உங்கள் தந்தைக்கு இது பொருந்தாது. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: நெகிழ்வு எங்கே வேண்டும் என்பதைச் சட்டம் முன்கூட்டியே யோசித்து எழுதியிருக்கிறது. விதி யாருக்கு வலிக்கிறது என்று பார்த்து ஆளுக்கு ஆள் தளர்த்துவது வேறு. எந்தச் சூழ்நிலைக்குத் தளர்வு உண்டு என்று எல்லோருக்கும் பொதுவாக முன்பே சொல்லிவைப்பது வேறு.

நண்பரின் கையெழுத்து: தயவுசெய்து வேண்டாம்

இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். தந்தையின் நண்பர் நல்லவராக இருக்கலாம், அவர் கேட்டதாகச் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் 2021 இல் அங்கு இல்லாத ஒருவர் இன்று அந்தத் தாளில் சாட்சியாகக் கையெழுத்திட்டால், அது பொய்யாவணம் புனைதல். உயிலைப் பொறுத்த பொய்யாவணத்துக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 338 ஆம் பிரிவின்படி பத்தாண்டுவரை சிறையோ ஆயுள் தண்டனையோ விதிக்க முடியும். அண்ணனிடம் அந்தத் தாளின் நகலோ கைப்பேசிப் படமோ இருந்தால், முதல் விசாரணையிலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். அதோடு உங்களுக்கு ஐயமின்றிக் கிடைக்க வேண்டிய மூன்றில் ஒரு பங்கைக்கூடக் குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டு கேட்க வேண்டியிருக்கும். "உண்மைக்கு ஏற்பத்தானே தாளைச் சரிசெய்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையாக இருந்த உங்கள் தந்தையின் எழுத்தைப் பொய்யாக்கக்கூடிய ஒரே செயல் அதுதான்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது ஒரு வரி வருகிறது. உயில் எழுதிய அன்று ரத்த அழுத்தம் பார்க்க டாக்டர் வீட்டுக்கு வந்திருந்தார் என்றும், அதே தாளின் அடியில் "நல்ல சுயநினைவோடு இருக்கிறார்" என்று எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு நீங்கள் எந்த முக்கியத்துவமும் தரவில்லை. எனக்கு உங்கள் வழக்கு முழுவதும் அந்த வரியில்தான் இருக்கிறது.

ஏனென்றால், இரண்டு சாட்சி வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காத அதே 63 ஆம் பிரிவு, அடுத்த மூச்சிலேயே இரண்டு தளர்வுகளைத் தருகிறது. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டியதில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு இன்ன வடிவம்தான் என்றும் இல்லை. 'சாட்சி' என்ற சொல்லுக்குக் கீழேதான் கையெழுத்து இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. என்ன நோக்கத்தோடு கையெழுத்திட்டார் என்பதையே கேட்கிறது. சென்னையிலிருந்து சென்ற அப்துல் ஜப்பார் சாகிப் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969 இல் இதைத் தெளிவாக்கியது: கையெழுத்திட்டவர், எழுதியவர் கையெழுத்திட்டதைத் தாம் பார்த்தேன், அல்லது அவர் ஒப்புக்கொண்டதைக் கேட்டேன் என்று சாட்சி கூறும் எண்ணத்துடன் போட்டிருக்க வேண்டும், வேறு காரணத்துக்காகக் கையெழுத்திட்டவர் சாட்சி ஆகமாட்டார்.

ஆகவே டாக்டர், உங்கள் தந்தை கையெழுத்திடுவதைப் பார்த்தாரா? அல்லது தந்தை அவரிடம், "இது என் உயில், இது என் கையெழுத்து, பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்று சொன்னாரா? தந்தையின் எதிரிலேயே எழுதினாரா? மூன்றுக்கும் பதில் சாதகமாக இருந்தால், உங்கள் உயிலுக்கு 2021 முதலே இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள் என்று வாதிட இடமுண்டு. அவர் நோயாளியின் மனநிலையைப் பற்றி மட்டும் சான்று தந்தார் என்று நீதிமன்றம் முடிவுசெய்யும் ஆபத்தும் உண்டு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். உயிலை மெய்ப்பிக்கக் குறைந்தது ஒரு சாட்சியையாவது விசாரிக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 68 ஆம் பிரிவு; 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 67 ஆம் பிரிவாக இருக்கிறது. அந்த ஒருவர் தம் கையெழுத்தைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது, மற்றவர் கையெழுத்திட்டதையும் சொல்ல வேண்டும் என்று 2002 இல் ஜானகி நாராயண் போயிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆசிரியரும் டாக்டரும் வெவ்வேறு நேரத்தில் வந்திருந்தால் இருவரையுமே விசாரிப்பதுதான் பத்திரம்.

பேசித் தீர்க்கும் வழி

வழக்கைவிட நான் அதிகம் நம்பும் வழி இது. உயிலில் கல்லாக நிற்கும் சட்டம் குடும்ப ஏற்பாட்டில் எவ்வளவு இளகிவிடுகிறது என்று பாருங்கள். உச்ச நீதிமன்றம் 1976 இல் காலே வழக்கில், குடும்பத்தினர் தங்களுக்குள் நல்லெண்ணத்தோடு செய்துகொள்ளும் ஏற்பாட்டை நீதிமன்றங்கள் தாங்கிப்பிடிக்க வேண்டும், சிறு சட்டக் குறைகளுக்காகக் கலைக்கக் கூடாது என்றது. வாய்மொழியாகச் செய்ததைக்கூட ஏற்கலாம் என்றது. இங்கே சொத்துக்கு உரிய மூவரும் உயிரோடு இருக்கிறீர்கள், கேட்டால் பதில் சொல்வீர்கள் என்பதால்தான் இந்தத் தாராளம். முறைப்படி செல்லாத உயிலும் இங்கே பயன்படும். அது உங்கள் தந்தையின் மனத்தைக் காட்டும் கடிதமாக மேசையில் இருக்கும்.

தம்பி தம் பங்கை உங்களுக்கு விடுதலைப் பத்திரமாக எழுதிப் பதிந்துகொடுத்தால் நீங்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு உரியவர் ஆகிவிடுவீர்கள். எஞ்சிய ஒரு பங்குக்கு அண்ணனுக்கு நியாயமான விலை கொடுத்து வீட்டை வைத்துக்கொள்வது பற்றிப் பேசலாம். அவர் தம் பங்கை வெளியாளுக்கு விற்க முனைந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு அதை வாங்கும் முன்னுரிமையை உங்களுக்குத் தருகிறது. ஒன்பதாண்டுப் பராமரிப்புக்குச் சட்டத்தில் தனிப் பங்கு கிடையாது. ஆனால் பேச்சுவார்த்தையில் அதைச் சொல்ல நீங்கள் கூச வேண்டியதில்லை. குடும்பத்துக்குள் எழுதும் பத்திரங்களுக்குக் கட்டணத்தில் சலுகையும் உச்சவரம்பும் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து லட்சத்துக்கு அண்ணன் நீட்டும் பத்திரத்தில் மட்டும் இப்போது கையெழுத்திட வேண்டாம். வீட்டின் இன்றைய மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எந்தத் தொகையும் பேச்சுக்கு உரியது.

பேச்சு முறிந்தால் வழக்கு. அதில் உயிலின்படி முழு வீட்டுக்கும் உரிமை கேட்டு, அது ஏற்கப்படாவிட்டால் மாற்றாக மூன்றில் ஒரு பங்குக்குப் பாகப்பிரிவினை கேட்கலாம். இரண்டையும் ஒரே வழக்கில் கேட்பதற்குத் தடையில்லை. வீடு விற்கப்படாமல் இருக்க இடைக்காலத் தடை கேட்டு மனுவும் போட வேண்டும். வக்கீல் செலவை நினைத்துத் தயங்கியிருக்கிறீர்கள். 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 12 ஆம் பிரிவு, வருமானம் எதுவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவியை உரிமையாகத் தருகிறது. உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் மனு கொடுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள். வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் அண்ணனை அழைத்துப் பேசவும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். அங்கே ஏற்படும் சமரசத்துக்குத் தீர்ப்பின் வலிமை உண்டு.

இந்த வாரம் செய்ய வேண்டியவை சில. உயிலின் மூலத் தாளில் ஒரு புள்ளிகூட வைக்காமல், மடிக்காமல், பிளாஸ்டிக் உறையில் இட்டுப் பத்திரப்படுத்துங்கள். வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல்களை வாங்குங்கள். அதன் பிறகு, சட்ட உதவி வக்கீலையும் அழைத்துக்கொண்டு டாக்டரைப் போய்ப் பாருங்கள். அந்த நாள் அவருக்கு நினைவிருக்கிறதா, என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னால் உங்களுக்கு உதவும் என்பதை அவரிடம் சொல்லாதீர்கள். அவர் நினைவிலிருந்து வருவது சாதகமோ பாதகமோ, அதைத் தேதியுடன் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்; உயிலை முன்வைத்து வழக்குப் போடுவதா, மூன்றில் ஒரு பங்கை வைத்துப் பேசுவதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.